குடும்ப வன்முறை வழக்கு கோர்ட்டில் உண்மையில் எப்படி நடக்கும்?

கேஸ் போட்டால் கணவரை உடனே கைது செய்வார்களா, எத்தனை நாள் இழுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. தங்கையின் வழக்குக்காக ஒரு சின்ன ஊர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு ஒன்றரை வருஷம் அவளோடு அலைந்தவள்.

முதலில் கைது. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் போடுகிற மனு (கோர்ட்டில் 'டி.வி. கேஸ்' என்பார்கள்) அவரை ஜெயிலில் போடுவதற்கானது இல்லை. அடிக்காதே, வீட்டை விட்டு விரட்டாதே, செலவுக்குப் பணம் கொடு என்று உத்தரவு வாங்குவதற்கானது. அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் 1 வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்ற பேச்சே வரும். மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கும் கொடுமைப் புகார், அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, வேறு வழக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

மனுவை வக்கீல் வைத்து நேராகப் போடலாம், இதற்கென்றே அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் போடலாம். நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். தங்கை "அடிக்கடி அடிப்பார் மேடம்" என்றாள். அலுவலர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடிக்கடின்னா கோர்ட்டுக்குப் புரியாதும்மா. எந்த மாசம், எதால அடிச்சார், யார் பக்கத்துல இருந்தாங்க?" பொங்கலுக்கு முந்தின வாரம், குக்கர் மூடி, மாமியார் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லி முடிக்க ஒரு மத்தியானம் போய்விட்டது. கடைசிவரை வழக்கைத் தாங்கியது அன்று அவர் எழுதிக்கொண்ட அந்த மூன்று பக்கம்தான். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, போலீஸில் புகார் கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது என்று எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சட்டப்படி முதல் வாய்தா பொதுவாக 3 நாளுக்குள், மனுவை 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். எங்களுக்குச் சம்மன் அவர் கையில் போய்ச் சேரவே (கோர்ட்டில் 'சார்வு' என்பார்கள்) இரண்டு மாதம் ஆனது. ஆள் 'வெளியூரில்' இருந்தார். அதனால் இறுதி உத்தரவு வரட்டும் என்று உட்காராதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 23-இல் இடைக்கால மனுவையும் முதல் நாளே சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் மாஜிஸ்ட்ரேட் அதில் உத்தரவு போடலாம்.

ஜீவனாம்சம் என்று வந்தால் இரண்டு பேரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். 2020-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. சம்பளம் 14,000 என்று எழுதிக் கொடுத்தவர், வண்டிக் கடனுக்கு மட்டும் மாதம் 9,000 கட்டுவது வங்கிக் கணக்கில் தெரிந்தது. மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார்.

வீடு மாமியார் பெயரில், அதனால் இவளுக்கு உரிமை இல்லை என்றும் வாதாடினார்கள். அதே 2020-இல் வந்த சதீஷ் சந்தர் அகுஜா தீர்ப்பை எங்கள் வக்கீல் எடுத்து வைத்தார். மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும், மருமகளாகக் குடித்தனம் நடத்திய வீட்டில் குடியிருக்கும் உரிமையைக் கோரலாம். சொத்தில் பங்கு கிடைக்காது, அது வேறு.

குறுக்கு விசாரணைக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "அடித்தார் என்கிறீர்களே, இந்தத் தீபாவளி போட்டோவில் சிரிக்கிறீர்களே?" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை நீட்டினார் எதிர்த்தரப்பு வக்கீல். தங்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஐயா, எனக்கு முழுக்கை ஜாக்கெட்டே பிடிக்காது. அதில் ஏன் போட்டிருக்கிறேன் என்று கேளுங்கள்" என்றாள். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

விசாரணையைவிடக் கஷ்டம் வராந்தா. டவாலி (கோர்ட் சேவகர்) பெயர் கூப்பிடும்வரை அவர்கள் கும்பலும் நாமும் ஒரே பெஞ்சுப் பக்கம்தான் நிற்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

உத்தரவு வந்தாலும் பணம் தானாக வராது. எங்களுக்கு மூன்று மாதம் பாக்கி விழுந்தது. சம்பளத்தில் பிடித்து நேராகக் கொடுக்கும்படி முதலாளிக்கே உத்தரவு போட இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைக் கேட்டு மனு போட்டோம். அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாளே மொத்த பாக்கியும் வந்து சேர்ந்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது, எண் 15100. இன்று ராத்திரியே பயமாக இருந்தால் கோர்ட்டெல்லாம் அப்புறம், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள்.