கபடியை விட்டுவிட்டு ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து ஊர் அணியில் கபடி ஆடுகிறேன். கார்னரில் நின்று கேட்ச் பிடிப்பேன். போன வருடம் ரைடரின் காலைப் பிடிக்கும்போது அவருடைய முட்டி என் பொட்டில் இடித்துவிட்டது. கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடியும் ஆடவிட்டார்கள். அடுத்த மாதமே இன்னொரு அடி. இடது முட்டி வேறு, சட்டென்று திரும்பினால் விலகுவதுபோல் இருக்கிறது. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. கபடியை விட்டுவிட்டு தினமும் ஓடப் போங்கள் என்கிறார் மனைவி. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் நாளைக் காலையிலேயே ஓடக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் தலை. கணுக்காலைப் பிடிக்கக் குனியும்போது உங்கள் தலை ரைடரின் முட்டி உயரத்துக்கு வந்துவிடுகிறது. அவர் உதறும் கால் நேராகப் பொட்டில் இறங்குகிறது. கொஞ்ச நேரம் இடம் பொருள் தெரியாமல் போனதற்குக் கன்கஷன் என்று பெயர். மயங்கி விழுந்தால்தான் மூளைக்கு அடி என்று பலரும் நினைக்கிறார்கள். மயக்கமே வராமலும் மூளை அதிரும், ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமலும் போகும். அந்த நிலையில் உங்களை மறுபடி களத்துக்கு அனுப்பியது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அபூர்வமாக மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். யாருக்குத் தலையில் அடிபட்டுக் குழப்பம் வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இதை உங்கள் அணிப் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் பலவீனம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குத்துச்சண்டை வீரர்கள் வயதான பின் தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் பற்றி 1928லேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் எழுதினார். 2002ல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் (பந்தைக் கையில் ஏந்தி, மோதி ஆடும் ஆட்டம் அது) 50 வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த பென்னட் ஒமாலு, டாவ் என்ற புரதம் அதில் படிந்திருப்பதைக் கண்டார். தலையில் அடிமேல் அடி விழுந்து மூளை சிதையும் சி.டி.இ. என்று இன்று எல்லோரும் பேசும் நோய் இதுதான். 2017ல் வெளிவந்த ஆய்வில், அந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டியான என்.எஃப்.எல்.-இல் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110ல் இது இருந்தது. உயிரோடு இருந்தபோதே தொல்லை தெரிந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. அதனால் ஆடிய எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. கபடி ஆடுபவர்களுக்கும் அதே அளவு ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தாலும் சிறுசிறு அடிகளும் சேர்ந்துகொண்டே போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு முறை அடிபட்டவர், அதுவும் 36 வயதில், மூன்றாவதற்குக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது முட்டி. திரும்பும்போது விலகுகிறது என்றால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் மொழியில் ஏ.சி.எல். எலும்பு மருத்துவர் உங்களைப் படுக்க வைத்து, முட்டியைச் சற்றே மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். ஜவ்வு அறுந்திருந்தால் கால் தளர்வாக முன்னே வரும். பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும், மீதிக்கு எம்.ஆர்.ஐ. இருக்கிறது. ஏ.சி.எல். கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து, இருபது வருடத்தில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. அறுவை சிகிச்சை செய்தாலும் அந்த ஆபத்து முழுதாகப் போவதில்லை.

உங்கள் நண்பர்கள் பயப்படும் தேய்மானம் ஓடுவதைவிடக் கிழிந்த ஜவ்வோடு தொடர்ந்து ஆடுவதில்தான் அதிகம். 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக அளவாக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டித் தேய்மானம் இருந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காக மிகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3. அளவாக ஓடுவதால் மூட்டு தேய்ந்துபோகும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஓட்டத்திலும் காயம் வரும். கெண்டைக்கால், குதிகால் வலியெல்லாம் சகஜம். பெரும்பாலும் ஓய்வெடுத்து, தூரத்தைக் குறைத்தால் ஆறிவிடும். வலித்தால் நிற்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது. கபடியில் உங்கள் மேல் ஏழு பேர் விழும்போது அப்படி நிற்க முடியாது.

இதயத்துக்கு ஓட்டம் தரும் லாபம் பெரிது. அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாக 15 வருடம் கவனித்து 2014ல் வெளியிட்டார்கள். ஓடுபவர்களுக்கு இதய, ரத்தநாள நோயால் மரணம் 45 சதவீதம் குறைவு. தினமும் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் தெரிந்தது. ஓட்டம் மட்டுமே காரணம் என்று இந்த மாதிரி ஆய்வால் நிரூபிக்க முடியாது, ஆனாலும் பல ஆய்வுகள் இதே பக்கம்தான் காட்டுகின்றன.

ஆனால் அப்பாவுக்கு 52ல் மாரடைப்பு என்பது உங்களுக்கும் எச்சரிக்கைதான். 55 வயதுக்குள் தகப்பனுக்கு வந்திருந்தால் பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல். பி.பி., சுகர், கொழுப்பு, ஈ.சி.ஜி. பாருங்கள். தேவைப்பட்டால் இதய மருத்துவர் டிரெட்மில் டெஸ்ட் சொல்வார். பீடி, சிகரெட், புகையிலை பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

எல்லாம் சரி என்று வந்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மொத்தம் இருபது நிமிடம். ஒரு நிமிடம் மெதுவாக ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ரோட்டைவிட மண் மைதானம் உங்கள் முட்டிக்கு இதமாக இருக்கும், நேராக ஓடுங்கள், வெட்டித் திரும்பாதீர்கள். வாரம் இரண்டு நாள் தொடைத் தசைக்குப் பயிற்சி அவசியம், ஜவ்வு தளர்ந்த முட்டியைத் தாங்குவது அந்தத் தசைதான். அதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டுவது, தாடை அல்லது இடது கையில் வலி வந்தால் அங்கேயே நின்றுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இத்தனை வருடம் கூட ஆடியவர்களை விட்டுவிட்டுத் தனியே ஓடுவது மனதுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மைதானத்தை விடச் சொல்லவில்லை. சின்னப் பையன்களுக்கு, தலையைக் காப்பாற்றிக்கொண்டு கணுக்காலைப் பிடிப்பது எப்படி என்று உங்களைவிட நன்றாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்? எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், அறுவை சிகிச்சை வேண்டுமா என்று பேசலாம்.