எதிரணி இல்லாத இரவு
மைதானத்து டீச்சர் பதில்கள்

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தொன்பது ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்தவள் நான். கூடைப்பந்து என் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் சீசன் தொடக்க இரவைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். பெரிய உள்ளரங்கில் பல்லாயிரம் பேர் தொண்டை வறளக் கத்துகிறார்கள். ஆனால் எதிரணியும் இல்லை, போட்டியும் இல்லை. பயிற்சி தொடங்கும் நாளாம். பயிற்சியைப் பார்க்கவா இவ்வளவு கூட்டம், டீச்சர்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஆமாம் அம்மா, பயிற்சியைப் பார்க்கத்தான். 'மிட்நைட் மேட்னஸ்' என்று அதற்குப் பெயர். நள்ளிரவுப் பித்து என்று வைத்துக்கொள்.

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. அக்டோபர் 15க்கு முன்னால் எந்த அணியும் முறையான பயிற்சியைத் தொடங்கக் கூடாது. எல்லாரும் அன்று விடிந்த பிறகு தொடங்குவார்கள். மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் லெஃப்டி டிரீசெல் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். பதினைந்தாம் தேதி நள்ளிரவிலேயே பிறந்துவிடுகிறதே, விடியும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? 1971ஆம் ஆண்டு அக்டோபர் 15, இரவு 12 மணி 3 நிமிடம். கால்பந்து மைதானத்தைச் சுற்றியிருந்த ஓடுபாதையில் தன் வீரர்களை ஓடவிட்டார். வெளிச்சத்துக்கு நிறுத்தி வைத்த கார்களின் முகப்பு விளக்குகள். செய்தி எப்படியோ பரவி, மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து நின்று கைதட்டினார்கள்.

ஓடவிட்டார் பார், அந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சீசனின் முதல் நிமிடத்தில் எந்தப் பிள்ளையின் கையும் பந்துக்குத்தான் பரபரக்கும். அவர் பந்தைக் கொடுக்கவில்லை. ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் கால் நின்றுபோனால், கையில் இருக்கும் எந்த வித்தையும் உதவாது என்பது அவருக்குத் தெரியும். என் பெண்களையும் ஜூன் மாதம் முதல் வாரம் முழுக்க ஓடத்தான் விடுவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1973இல், மோ ஹாவர்ட் என்ற வீரர் ஒரு யோசனை சொன்னார்: ஓடுவதற்குப் பதிலாக நள்ளிரவில் நமக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிக் காட்டினால் என்ன? அன்றிலிருந்து அது அரங்குக்குள் வந்தது. பிறகு 1982இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஜோ பி. ஹால் அதை ஒரு விழாவாகவே ஆக்கினார். டிரீசெல் 2024 பிப்ரவரியில் காலமானார்.

இப்போதும் நடுராத்திரியில்தான் நடக்கிறதா?
– ஒரு வாசகர், ஈரோடு

இல்லை. 2005இல் விதியைத் தளர்த்தி, மாலை ஏழு மணிக்கே தொடங்கலாம் என்றார்கள். 2013க்குப் பிறகு முதல் போட்டிக்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். அதனால் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ ஒரு சாயங்காலம் விழா வைக்கிறார்கள். பழைய ஆட்கள் சிலருக்கு நள்ளிரவு போய்விட்டதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வர முடிகிறதே, அது பெரிய விஷயம்.

நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா? அந்த அனுபவத்தை எழுதுங்களேன்.
– குடும்பத் தலைவி, கோவில்பட்டி

2016 அக்டோபரில் பார்த்தேன். என் மகன் அப்போது கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் வேலையில் இருந்தான். கூடைப்பந்து தெரிந்தவர்களுக்கு அந்த ஊர் க்ஷேத்திரம் மாதிரி. ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898இல் அங்கே வந்து சேர்ந்து, கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளராக இருந்து, அங்கேயே அடக்கமானவர். அரங்குக்குப் போகும் சாலைக்கே அவர் பெயர்தான்.

அரங்கை ஒட்டி ஒரு புதிய கட்டடம். அதற்குள் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் எழுதிய பதின்மூன்று விதிகளின் மூலப் பிரதி இருக்கிறது. தட்டச்சு செய்த இரண்டே தாள்கள். பழைய மாணவர் ஒருவர் 43 லட்சம் டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தாராம். பழுப்பேறிய அந்தத் தாளில் மூன்றாவது விதியைத் தேடிப் படித்தேன். பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். எத்தனை ஆயிரம் முறை விசில் ஊதி நிறுத்திச் சொல்லிக்கொடுத்த வரி! நான் பயிற்சி பெற்றது சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில். அதை 1920இல் நிறுவிய ஹாரி குரோ பக், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு நம்மூருக்கு வந்தவர். மூதாதையர் வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது. என் மகன் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

விழாவின் பெயர் 'லேட் நைட் இன் தி ஃபாக்'. ஃபாக் ஆலன் அங்கே நெய்ஸ்மித்தின் சீடராக இருந்து பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளர். பேஸ்பால் ஆட்டத்துக்கு நடுவராக நின்றபோது, மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகொம்பு மாதிரி குரல் என்று சொல்லி வைத்த பட்டப்பெயர் அது. அரங்கும் அவர் பெயரில்தான். 1955இல் திறந்தது, நான் போனபோது 16,300 பேர் உட்காரலாம். டிக்கெட் கிடையாது, முதலில் வருபவர்களுக்கு முதலில் இடம். மத்தியானமே போய்விட்டோம். அதற்குள் வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்திருந்தது. மடக்கு நாற்காலி, போர்வை, பாடப் புத்தகம் சகிதமாக மாணவர்கள். வைகாசித் தேருக்கு இடம்பிடித்து உட்கார்ந்திருப்பவர்களிடம் பார்க்கிற அதே நிதானம்.

உள்ளே நீளமான மர பெஞ்சுகள். நெருக்கி உட்கார்ந்தோம். என் இடப் பக்கம் ஒரு மூதாட்டி, எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. வெளுத்துப்போன நீலச் சட்டை. மடியில் ஒரு சின்ன நோட்டு, காதில் பென்சில். நோட்டில் அணியின் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், எண், உயரம், சொந்த ஊர். ஒவ்வோர் ஆண்டும் அந்த இரவுக்காகவே புதிதாக எழுதுவாராம். நான் தூரதேசத்துக்காரி என்று தெரிந்ததும், ஒரு தாளைக் கிழித்து, அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதிக் கையில் கொடுத்தார். மற்றவர்களைத்தான் எல்லாருக்கும் தெரியுமே, இந்தப் பிள்ளைகளுக்குத்தான் இன்று கைதட்டு வேண்டும் என்றார். அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

பேண்ட் வாத்தியம் நின்று, 'ராக் சாக், ஜேஹாக், கே.யூ.' என்ற முழக்கம் தொடங்கியது. முதல் இரண்டு முறை மெதுவாக, இழுத்து, கோயிலில் ஓதுவதுபோல். அடுத்த மூன்று முறை வேகமாக, வெடிபோல். 1886இல் ஒரு வேதியியல் பேராசிரியர் போட்டுக்கொடுத்த முழக்கம் அது. பல்கலைக்கழகம் இருக்கும் குன்றின் சுண்ணாம்புக்கல்லைத்தான் 'சாக்' என்கிறார்கள்; ஜேஹாக் அணியின் பெயர், கே.யூ. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் சுருக்கம். மெதுவாகப் போகும் பகுதியில் பெஞ்சின் பலகை என் உள்ளங்கைக்குக் கீழே அதிர்ந்தது. வடக்குச் சுவரில், 'உள்ளே வருபவர்களே, ஃபாக்கிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்ற பொருளில் ஒரு பெரிய பதாகை. 1988இல் மாணவர்கள் ஹாஸ்டல் குளியலறைத் திரைகளைச் சேர்த்து முதல் பதாகையைச் செய்தார்களாம். நான் பார்த்தது அதற்குப் பிறகு வந்த புதியது.

வீரர்கள் ஒவ்வொருவராக ஓடிவந்தார்கள். கொஞ்சம் ஆடிப் பாடினார்கள்; அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு தங்களுக்குள் பிரிந்து சிறிது நேரம் ஆடினார்கள். ஐந்தடி பதினோரு அங்குலமே இருந்த ஃபிராங்க் மேசன் பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு நெடுமரங்களுக்கு நடுவே நுழைந்து வெளிவந்ததைப் பார்த்து என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சீசன் முடிவில் நாட்டின் சிறந்த கல்லூரி வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் அன்று அரங்கே எழுந்து நின்றது அவருக்காக இல்லை. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் இருக்கும் பிள்ளைகள் சிலர் உண்டு. சீசன் முழுக்க பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு பையனுக்குக் கடைசியில் பந்து வந்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான். வலை அசைந்தது. அவ்வளவு சத்தத்தை நான் எந்த இறுதிப் போட்டியிலும் கேட்டதில்லை. பக்கத்து மூதாட்டி நோட்டைப் பிரித்து அவன் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு போட்டார்.

எதிரணி இல்லாததால் கேலி செய்ய ஆளில்லை, சபிக்க நடுவர் இல்லை. இன்னும் ஒரு வெற்றிகூட வரவில்லை, ஒரு தோல்வியும் வரவில்லை. வென்ற அணிக்கு மாலை போட யார் வேண்டுமானாலும் வருவார்கள். எதுவும் நடப்பதற்கு முன்பே வந்து நிற்பவர்களை நான் அன்றுதான் அத்தனை பேராகப் பார்த்தேன்.

எந்தக் கல்லூரி ரசிகர்களுக்கு ஆர்வம் அதிகம்?
– ஒரு மாணவர், சேலம்

கென்டக்கி ரசிகர்கள் தங்களைத்தான் சொல்வார்கள். அவர்களுடைய 'பிக் புளூ மேட்னஸ்' டிக்கெட்டுக்காக அரங்குக்கு வெளியே கூடாரம் அடித்து, குடும்பத்தோடு நாள்கணக்கில் தங்கியவர்கள் உண்டு. இன்னொரு செய்தி: கென்டக்கியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் அடால்ஃப் ரப், வட கரோலினாவின் டீன் ஸ்மித் இருவருமே கன்சாஸில் ஃபாக் ஆலனிடம் ஆடியவர்கள். நெய்ஸ்மித், ஆலன், அப்புறம் இவர்கள். சங்கீதத்தில் சொல்கிற குரு பரம்பரை மாதிரியேதான்.

பெண்கள் அணியை அந்த விழாவில் கண்டுகொள்கிறார்களா?
– உடற்கல்வி ஆசிரியை, விருதுநகர்

கன்சாஸில் இரண்டு அணிகளையும் அறிமுகம் செய்தார்கள். பெண்கள் வந்தபோது சத்தம் குறைவுதான். மறைக்க விரும்பவில்லை, வலித்தது.

அந்த அரங்கின் உச்சியில் 31ஆம் எண் சட்டை ஒன்று மாட்டியிருக்கிறது. லினெட் வுடர்ட் என்ற பெண்ணுடையது. 1981இல் படிப்பை முடித்தபோது அவர் கணக்கில் 3,649 புள்ளிகள் இருந்தன. அவர் ஆடிய காலத்தில் பெண்கள் கூடைப்பந்து என்.சி.ஏ.ஏ.வின் கீழ் வரவில்லை என்பதால், அதன் சாதனைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஐயோவா பல்கலைக்கழக வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் அந்த எண்ணிக்கையைத் தாண்டியபோதுதான் உலகம் வுடர்டைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் பள்ளிப் பெண்களுக்கு இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாம் பணத்துக்காக நடத்தும் விளம்பரம்தானே?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

பணம் இருக்கிறது ஐயா. அடுத்த ஆண்டு சேரப்போகும் பள்ளி வீரர்களை அன்று அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். இந்தக் கூட்டம் உனக்காகவும் இப்படிக் கத்தும் என்று காட்டத்தான். இத்தனை வருமானத்தில் ஆடுகிற பிள்ளைக்கு நெடுங்காலம் படிப்புச் செலவைத் தாண்டி ஒன்றும் கிடைக்காமல் இருந்தது அநியாயம். 2021 முதல்தான் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்க அனுமதி வந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவை எந்த விளம்பரமும் கூட்டிவரவில்லை.

எங்கள் கல்லூரி அணியின் கேப்டன் நான். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க எங்கள் வகுப்புப் பெண்கள்கூட வருவதில்லை. இங்கே என்ன செய்யலாம், டீச்சர்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

போட்டிக்குக் கூப்பிடாதே, முதல் நாள் பயிற்சிக்குக் கூப்பிடு. வகுப்பு முடிந்து பஸ் வருவதற்குள் இருக்கும் அரை மணி நேரம் போதும். முந்தின நாளே நோட்டீஸ் போர்டில் பன்னிரண்டு பேரின் பெயர், சட்டை எண், ஊர், படித்த பள்ளி எல்லாவற்றையும் உன் கையாலேயே எழுதி ஒட்டு. கரும்பலகைச் சாக்பீஸால் கோடுகளைப் புதுப்பித்து வை. மைக் கிடைக்காவிட்டால் ஒரு தோழியை நிறுத்தி உரக்கப் பெயர் சொல்லச் சொல். முதலாம் ஆண்டுப் பெண்களை முதலில் ஓடிவரச் சொல். பெஞ்சில் இருக்கப்போகிறவளுக்கும் ஒரு எறிதல் உண்டு. இருபது பேர் வந்தாலும் தொடங்கிவிடு. மேரிலேண்டில் அன்று கார் விளக்கு வெளிச்சத்தில்தான் தொடங்கினார்கள்.

தேதி முடிவானதும் ஒரு கார்டு போடு. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே அனுப்பு. நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.