அலர்ஜி உள்ள வீட்டில் சமையலும் சிக்கனமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்குப் பாலும் முட்டையும் ஆகாது. எனக்குக் கோதுமை ஆகாது. கடையில் "அலர்ஜி இல்லாதது" என்று எழுதி விற்பவை எல்லாம் விலை கூடுதலாக இருந்ததால்தான் பலவற்றையும் நானே செய்யத் தொடங்கினேன். யாருக்கு எது அலர்ஜி என்று கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. கண்டுபிடித்த பிறகு அடுப்படியில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, மகளுக்கு முட்டை அலர்ஜி என்று இப்போதுதான் தெரிந்தது. கேக்கில் முட்டைக்குப் பதிலாக எதைப் போடுவது?

எதைப் போடலாம் என்பதற்கு முன்னால், அந்தக் கேக்கில் முட்டை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். மாவைப் பிடித்து நிறுத்த மட்டும்தான் என்றால் ஆளி விதை போதும். பொடித்த ஆளி விதை 1 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகும். அது ஒரு முட்டைக்குச் சமம். குக்கீஸுக்கும் கனமான கேக்குக்கும் நன்றாக வரும். உப்பி மேலே எழ வேண்டும் என்றால் 1 டீஸ்பூன் பேக்கிங் சோடாவும் 1 டேபிள்ஸ்பூன் வினிகரும். மாவில் சேர்த்தவுடன் அடுப்பில் வைத்துவிடுங்கள், தாமதித்தால் காற்று போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். நாம் கீழே கொட்டும் பொருள் அது. கொஞ்சம் கெட்டியாகும்வரை சுண்ட வைத்து ஆறவிட்டால், 3 டேபிள்ஸ்பூன் ஒரு முழு முட்டைக்கு ஈடு. பீட்டரால் அடித்தால் முட்டை வெள்ளை போலவே வெண்ணுரையாகப் பொங்கும். மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். மகளுக்குக் கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளும்தானே என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று முட்டைக்கு மேல் கேட்கும் கேக்கை மாற்றிச் செய்யப் பார்க்காதீர்கள். அதன் உடம்பே முட்டைதான். முதலிலிருந்தே முட்டை இல்லாமல் எழுதிய குறிப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: முட்டையும் பாலும் கேக்கில் நன்றாக வெந்துவிட்டால் அலர்ஜி வராது என்கிறார்களே, கொடுத்துப் பார்க்கலாமா?

வீட்டில் நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். மாவோடு சேர்ந்து நீண்ட நேரம் வேகும்போது பால், முட்டைப் புரதங்களின் வடிவம் மாறுவதால் இந்த அலர்ஜி உள்ள குழந்தைகளில் பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் குழந்தை அந்தப் பலரில் ஒருவரா என்பதை மருத்துவர் மேற்பார்வையில்தான் சோதிக்க வேண்டும். வேர்க்கடலைக்கு இந்தப் பேச்சே கிடையாது. வறுத்தாலும் அதன் வீரியம் குறையாது.

கேள்வி: பையனுக்குப் பால் அலர்ஜி. லாக்டோஸ் இல்லாத பால், ஆட்டுப் பால், நெய், இவற்றில் எது சரி?

மூன்றும் வேண்டாம். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், போகும், அவ்வளவுதான். அலர்ஜி பாலின் புரதத்தால் வருவது. லாக்டோஸை எடுத்த பாலிலும் புரதம் அப்படியே இருக்கிறது. ஆட்டுப் பால் புரதம் பசும்பால் புரதத்தை மிகவும் ஒத்தது என்பதால், பசும்பால் ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது. நெய்யில் புரதம் மிகக் குறைவு என்றாலும் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: வீட்டில் ஓட்ஸ் பால் அடித்தால் வழவழவென்று வருகிறது. எங்கே தப்பு?

அடிக்கும் நேரம் அதிகம், அல்லது தண்ணீர் சூடு. ஒரு கப் ஓட்ஸுக்கு நான்கு கப் குளிர்ந்த தண்ணீர். மிக்ஸியில் 30 விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். துணியில் வடிகட்டும்போது பிழியக் கூடாது, தானாக வடிய விடுங்கள். மிச்சச் சக்கையைக் குக்கீஸ் மாவில் சேர்க்கலாம். பிரிட்ஜில் நான்கு நாள் இருக்கும். கீழே படியும், குலுக்கிக்கொள்ளுங்கள். கோதுமையும் ஆகாத வீடு என்றால் குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) இல்லை என்று தெளிவாக எழுதிய ஓட்ஸ்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும்.

கேள்வி: அதே பாலை என் எட்டு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாமா அக்கா? ஃபார்முலா விலை கட்டுப்படியாகவில்லை.

கூடாதம்மா. எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கும் நான் இதில் மட்டும் பார்க்கவே மாட்டேன். ஒரு வயது வரை தாய்ப்பால், இல்லையென்றால் மருத்துவர் சொல்லும் அலர்ஜிக்கான ஃபார்முலா. வீட்டில் அரைக்கும் எந்தப் பாலிலும் குழந்தை வளரத் தேவையான புரதமும் கொழுப்பும் கால்சியமும் போதாது. ஓட்ஸ், அரிசி, தேங்காய், எதுவானாலும் இதே கதைதான். அரிசிப் பாலில் இன்னொரு சிக்கலும் உண்டு: அரிசியில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பாலுக்கு மாற்றாக அதைத் தர வேண்டாம் என்று பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்கிறது. விலைதான் பிரச்சினை என்றால் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். உதவித் திட்டமோ வேறு வகை ஃபார்முலாவோ இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் அதிகம் ஊற்றி நீட்டிக்கவும் கூடாது.

கேள்வி: கோதுமை இல்லாத பிரெட் உதிர்ந்து மணலாகப் போகிறது.

குளூட்டன் இல்லாத மாவுக்குத் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் சக்தி கிடையாது. நான் கலந்து வைக்கும் மாவு: நைஸ் அரிசி மாவு 6 பங்கு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 2 பங்கு, மரவள்ளி ஸ்டார்ச் 1 பங்கு. கேக்குக்கு ஒரு கப் மாவுக்கு கால் டீஸ்பூன் ஸாந்தன் கம் (மாவைப் பிடித்து நிறுத்தும் பசைப் பொடி) போதும், பிரெட்டுக்கு ஒரு டீஸ்பூன் வரை. ஸாந்தன் கம் கிடைக்கவில்லை என்றால் இசப்கோல் உமி. பிரெட்டுக்கு எனக்கு இசப்கோல்தான் பிடிக்கும், இழுவை நன்றாக இருக்கும்.

பலரும் தவறவிடுவது ஊறும் நேரத்தை. அரிசி மாவு மெதுவாகத்தான் தண்ணீரை இழுக்கும். மாவைக் கலந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு பிறகு பேக் செய்யுங்கள், அந்த மணல்தன்மை போய்விடும். மாவு கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், கோதுமை மாவு போல உருட்ட வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், ரவையும் மைதாவும் கோதுமைதான். சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

கேள்வி: பேக்கிங் பவுடர் வீட்டிலேயே செய்ய முடியுமா? மக்காச்சோளம் ஆகாது எங்களுக்கு.

முடியும். பேக்கிங் சோடா 1 பங்கு, கிரீம் ஆஃப் டார்ட்டர் (புளிப்பான அமிலப் பொடி) 2 பங்கு. கடைச் சரக்கில் சேர்க்கும் கார்ன் ஃப்ளோர் ஈரத்தை இழுக்கத்தான், அதற்குப் பதில் மரவள்ளி ஸ்டார்ச் 1 பங்கு போடுங்கள். ஈரம் படாத பாட்டிலில் கொஞ்சமாகச் செய்து வையுங்கள். வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டால் பொங்க வேண்டும், பொங்கவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேள்வி: முந்திரிக்குப் பதில் பிஸ்தா போடலாமா? இன்னொன்று, சூரியகாந்தி விதை வெண்ணெய் போட்டுச் செய்த குக்கீஸ் உள்ளே பச்சையாகிவிட்டது, பயந்து கொட்டிவிட்டேன்.

முந்திரி ஆகாதவர்களுக்குப் பிஸ்தா கொடுக்கவே கூடாது, இரண்டும் நெருங்கிய சொந்தம். வால்நட்டும் பீக்கன் கொட்டையும் அதேபோல ஒன்றுக்கொன்று சொந்தம். கெட்டியான குழம்புக்கு முந்திரி அரைப்பதற்குப் பதிலாகச் சூரியகாந்தி விதையையோ பூசணி விதையையோ வெந்நீரில் ஊற வைத்து அரையுங்கள், விலையும் பாதிதான் ஆகும். விதைகளும் ஒத்துக்கொள்ளாது என்றால் வேகவைத்த காலிஃபிளவர்.

அந்தப் பச்சை நிறம் ஒன்றும் செய்யாது. சூரியகாந்தி விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் பேக்கிங் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் அப்படி ஆகும். அடுத்த முறை சோடாவைக் குறைத்து ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு வேர்க்கடலை சட்னி, தம்பிக்கு வேர்க்கடலை அலர்ஜி. அதே மிக்ஸி ஜாரைக் கழுவிப் பயன்படுத்தினால் போதாதா?

ஜாரின் பிளேடுக்கு அடியிலும் ரப்பர் வளையத்திலும் ஒட்டுவது கழுவினால் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது. தனி ஜார் ஒன்று வாங்கிவிடுங்கள். நான் சொல்லும் செலவுகளில் இதுதான் மிக அவசியமானது. மரக் கரண்டி, வெட்டுப் பலகை, சல்லடை, இவையும் தனியாக இருக்கட்டும். பொரித்த எண்ணெயை வடிகட்டிப் பொதுவாகப் பயன்படுத்தவே கூடாது. முதலில் தம்பிக்கு உள்ளதைச் சமைத்து மூடி வைத்துவிட்டு, பிறகு மற்றதைத் தொடுங்கள்.

கைக்குச் சானிடைசர் போதாது. அது கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை எடுக்காது. சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும்.

உண்மையைச் சொன்னால், அண்ணனும் வேறு சட்னி சாப்பிட்டுப் பழகினால் உங்கள் வீட்டில் பாதிக் கவலை தீரும்.

கேள்வி: பாக்கெட்டில் இன்ன அலர்ஜிப் பொருள் "இருக்கலாம்" என்று எழுதாவிட்டால் நம்பி வாங்கலாமா?

நம்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 அலர்ஜிப் பொருட்களையும், அமெரிக்காவில் 9-ஐயும் உட்பொருளாகச் சேர்த்திருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் எள் சேர்ந்ததே 2023-இல்தான். ஆனால் "இருக்கலாம்" என்ற எச்சரிக்கை பெரும்பாலான நாடுகளில் நிறுவனம் விருப்பப்பட்டால் போடுவது. எச்சரிக்கை இல்லை என்பதால் கலப்பு இல்லை என்று ஆகாது. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள், செய்முறையைச் சொல்லாமல் மாற்றுவார்கள்.

கேள்வி: வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்து பாட்டிலில் வைத்தால் எல்லாவற்றையும் துடைக்கலாமாமே?

பொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடக்கிறது போலத்தான் இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்: எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புக் கறைக்கு வினிகர். பளிங்குக் கல்லில் வினிகர் படக் கூடாது, அரித்துவிடும்.

ப்ளீச்சை மட்டும் எதனோடும் கலக்காதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு, அமோனியாவோடு சேர்ந்தால் குளோராமின். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா உள்ள வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

கேள்வி: வாஷிங் சோடா கிடைக்கவில்லை. பேக்கிங் சோடாவிலிருந்து செய்யலாமா?

செய்யலாம். தட்டில் மெல்லியதாகப் பரப்பி 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒரு மணி நேரம், நடுவில் ஒரு முறை கிளறுங்கள். நீரும் கரியமில வாயுவும் வெளியேறி 100 கிராம் சுமார் 63 கிராமாகக் குறையும். நிறுத்துப் பார்த்தாலே ஆகிவிட்டதா என்று தெரியும். அலுமினியத் தட்டு வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இதோடு சோப்பைத் துருவித் துணிப் பவுடர் செய்வதை நான் சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீரில் சோப்பு படிவாகித் துணியில் தங்கும், தோல் அலர்ஜிக்காரர்களுக்கு அரிப்புதான் மிச்சம். மணம் சேர்க்காத சாதாரணப் பவுடரைச் சொன்ன அளவில் பாதி போட்டுப் பாருங்கள், அழுக்குக் குறைந்த துணிக்குப் போதும்.

கேள்வி: குழந்தைக்குத் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதாம் பால், கோதுமை மாவு பூசிக் குளிப்பாட்டட்டுமா?

வேண்டாம். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்ளக்கூடும். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை அலர்ஜியே வந்தது. 2011-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பு கோதுமையை நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். குளித்து ஈரம் காய்வதற்குள் மணமில்லாத வாஸ்லின் தடவுங்கள், மலிவும் அதுதான். வெடிப்பு ஆறவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பூண்டு எண்ணெய் செய்து அலமாரியில் வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் வரும்?

இன்றே எடுத்துக் கொட்டிவிடுங்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டில் பாட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கக்கூடிய நச்சுணவு நோயைத் தரும் கிருமி வளரும், நாற்றமோ நிறமோ காட்டாது. தேவைப்படும்போது கொஞ்சமாகச் செய்து பிரிட்ஜில் வைத்து நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐஸ் டிரேயில் உறைய வைத்துக்கொள்ளுங்கள்.