1972 எம்ஜிபி-க்கு 5டபிள்யூ-30 வேண்டாம்

வணக்கம் நண்பரே. உங்கள் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி-யில், வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) ஆயில் பிரஷர் முள் 15-க்கு இறங்குகிறது, மெக்கானிக் 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஃபுல் சிந்தெடிக் ஆயிலை ஊற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். ஊற்றாதீர்கள். சூடான இன்ஜினில் ஐடிலில் 15 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) இந்த வண்டிக்குச் சகஜம்தான். மெல்லிய ஆயில் போட்டால் முள் இன்னும் இறங்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு. இந்த இன்ஜினில் கேமின் மேடும் (லோப்) அது தள்ளும் டேப்பெட்டும் உரசிக்கொண்டேதான் ஓடும். அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடக் கூடாது என்று இன்றைய 5டபிள்யூ-30 ஆயில்கள் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். உங்கள் வண்டியில் கன்வெர்ட்டரே கிடையாது, அப்புறம் எதற்கு அந்தச் சிக்கனம்?

கிளாசிக் கார்களுக்கென்றே வரும், கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் வாங்குங்கள். காஸ்ட்ரால் கிளாசிக் எக்ஸ்எல் ஆனாலும் சரி, ரேஸிங் ஆயிலான வால்வோலின் விஆர்1 20டபிள்யூ-50 ஆனாலும் சரி. ஜிங்க் (துத்தநாக) பாட்டில் தனியாக வாங்கிக் கலப்பதெல்லாம் வேண்டாத வேலை.

ஆயில் ஃபில்டர், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி தலைகீழாகப் பொருத்தும் வகையா? அப்படியானால் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் முள் எழும்பாது.

ஆமாம், 50 மைல் வேகத்தில் முள் எங்கே நிற்கிறது? 50 பிஎஸ்ஐ-க்குக் கீழே என்றால் சொல்லுங்கள், ஆயில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைப் பார்ப்போம்.