பனிச்செதிலின் வடிவமும் ரேடார் கணக்கும்: கேள்வி பதில்

மண்டபம், விசைப்படகு உரிமையாளர்: ஐயா, பனியே பெய்யாத ராமநாதபுரம் கரைக்குப் பனிச்செதிலைப் பற்றிய பேச்சு எதற்கு?

நம் தலைக்கு மேல் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் உயர்ந்த மழைமேகங்களில் அதற்கு மேல் இருப்பது பெரும்பாலும் பனிதான். மழையை அளக்கும் காரைக்கால் வானிலை ரேடாரிலிருந்து ராமேசுவரம் நேர்க்கோட்டில் சுமார் 190 கி.மீ. அரை பாகை ஏற்றத்தில் புறப்படும் கதிர், பூமியின் வளைவு காரணமாக, ராமேசுவரத்துக்கு வரும்போது 4 கி.மீ. அளவு உயரத்தில் இருக்கும். கதிரின் அகலம் ஒரு பாகை என்றால், அதன் மேல்விளிம்பு பனி உருகும் மட்டத்தையும் தாண்டிவிடும்; அதாவது, நம் மழையைக் கணக்கிடும் ரேடார் பனியையும் சேர்த்தே பார்க்கிறது.

தொண்டி, ஆசிரியர்: ஒரே எடையுள்ள பனி வெவ்வேறு வடிவில் இருந்தால் ரேடார் வெவ்வேறு அளவு காட்டுமா?

காட்டக்கூடும். ரேடார் அளப்பது திரும்பி வரும் எதிரொலியை மட்டுமே. அதைப் பெய்யும் அளவாக மாற்றுவது நம் கணக்கு. மழைத்துளியின் அடர்த்தி மாறாது என்பதால், எதிரொலியை மழையளவாக மாற்ற மார்ஷல், பாமர் என்ற ஆய்வாளர்கள் 1948-இல் தந்த சமன்பாடு இன்றும் ஓரளவு உதவுகிறது. பனியிலோ, மேகத்தின் வெப்பநிலை மைனஸ் 5 பாகையை ஒட்டி இருந்தால் ஊசிகளும், மைனஸ் 15-ஐ ஒட்டி இருந்தால் ஆறு கிளை நட்சத்திரங்களும் உருவாகி, பின்னர் ஒன்றோடொன்று சிக்கிப் பெரும்பகுதி காற்றாலான கொத்துகளாகின்றன. (வாழ்த்து அட்டைகளில் அச்சாகும் பழுதற்ற நட்சத்திரம் மேகத்தில் சிறுபான்மையே.) விட்டம் ஒன்றாக இருந்தாலும் எடையும் விழும் வேகமும் வடிவுக்கு வடிவு மாறுவதால், பனிக்கு ஒரே சமன்பாடு போதாது. 10 செ.மீ. அலைநீளத்தில் எதிரொலி பெரும்பாலும் எடையைச் சார்ந்தது, 3 மி.மீ. அலைநீளத்தில் செதிலின் ஒரு பகுதியிலிருந்து திரும்பும் அலை மறுபகுதியின் அலையோடு மோதுவதால் வடிவமே நேரடியாகக் குறுக்கிடுகிறது.

கீழக்கரை, கல்லூரி மாணவி: வடிவத்தை ரேடாரே கண்டறிய முடியாதா?

ஓரளவு முடியும். தட்டையான செதில்கள் பெரும்பாலும் படுத்தவாறே விழுவதால், கிடைமட்டமாக அதிரும் அலையின் எதிரொலி செங்குத்தாக அதிரும் அலையினதைவிட வலுவாக இருக்கும். புரண்டு விழும் கொத்துகளில் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். 2014-இல் ஏவப்பட்ட, மழையையும் பனியையும் அளக்கும் ஜிபிஎம் செயற்கைக்கோளின் ரேடார் இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டுச் செதிலின் அளவை ஊகிக்கிறது.

தேவிபட்டினம் வாசகர்: பனி உருகும் இடத்தில் என்ன நடக்கிறது?

செதிலின் மேல் நீர்ப்படலம் படிந்ததும், அது ரேடாருக்குப் பெரிய மழைத்துளி போலத் தோன்றும்; அந்த மட்டம் திரையில் பளிச்சிட, மழை மிகையாகக் கணக்கிடப்படும். முழுவதும் உருகிய துளி சுருங்கி வேகமாக விழுவதால் பளிச்சும் அடங்கிவிடும். உருகாத உலர்பனியோ, அதே எடை நீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எதிரொலிக்கும். கதிர் அதை மட்டும் கண்டால் மழை குறைவாகவே பதிவாகும்.