பெர்லினில் ஏன் இரண்டு அளவு ரயில்?

தம்பி, பெர்லின் வந்த பத்தே நாளில் ஊ-பான் என்கிற இந்த ஊர் மெட்ரோ ரயிலின் பாதைகளில் பாதியைச் சுற்றிவிட்டீர்கள் போல. ஊ1 ரயில் ஒடுக்கமாகவும் ஊ6 அகலமாகவும் இருக்கிறதே, ஒரே ஊரில் ஏன் இப்படி என்று கேட்டிருந்தீர்கள். சென்னை மெட்ரோ மாதிரி கேட் இல்லையே, டிக்கெட்டை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டீர்கள். பதினெட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இந்த அகலத்தைக் கவனித்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். ரொம்ப சந்தோஷம்.

நீங்கள் பார்த்தது சரிதான். ஊ1 முதல் ஊ4 வரை பெட்டியின் அகலம் 2.30 மீட்டர், ஊ5 முதல் ஊ9 வரை 2.65. 1902-இல் திறந்த முதல் பாதையை சீமென்ஸ் நிறுவனம் சிறிய அளவில் கட்டியது. அப்புறம் நகரமே தன் செலவில் வடக்கு–தெற்குப் பாதை போட்டபோது, ஒரு பெட்டியில் கூடுதல் ஆட்கள் ஏறட்டும் என்று அகலத்தைக் கூட்டினார்கள். 1923-இல் திறந்த அதுதான் இன்றைய ஊ6. தண்டவாள இடைவெளி இரண்டிலும் ஒன்றேதான். மின்சாரம் எடுக்கும் விதம்தான் வேறு. சென்னையில் தலைக்கு மேலே கம்பி ஓடும். இங்கே பக்கத்தில் மூன்றாவது தண்டவாளம். சின்ன ரயில் அதை மேலிருந்து தொடும், பெரிய ரயில் அடியிலிருந்து.

பெரிய ரயில் சின்னச் சுரங்கத்தில் நுழையாது. ஆனால் சின்ன ரயிலைப் பெரிய பாதையில் ஓட்டலாம். 1923-இல் பெரிய பெட்டிகள் போதாமல் அப்படித்தான் ஓட்டினார்கள். நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே விழுந்த இடைவெளியை அடைக்கப் பெட்டியின் பக்கவாட்டில் மரப்பலகை அடித்தார்கள். ஜன்னலோரம் பூந்தொட்டி வைக்கிற பலகை போல இருந்ததால் அதற்குப் 'பூப்பலகை' என்றே பெயர். சில வருடங்களுக்கு முன் ஊ5-இல் விட்ட ஒடுக்கமான புது ரயில்களுக்கும் இப்படி விளிம்பு வைத்தார்கள். அடுத்த முறை ஏறும்போது வாசலடியைக் குனிந்து பாருங்கள்.

டிக்கெட் விஷயத்தில் கவனம். கேட் இல்லை, ஆனால் பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள். முத்திரை இல்லாத காகித டிக்கெட் என்றால், நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். வந்த புதிதில் நான் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியதும் எதிர் இருக்கையில் இருந்தவர் எழுந்து பரிசோதகர் அட்டையைக் காட்டினார். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தான், ஆனாலும் குத்தாததால் அபராதம். இப்போது அது 60 யூரோ.

ஊ8-இல் ஒருமுறை மெதுவாகப் போய்வாருங்கள். நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்துக் கணக்கில், மேற்கு பெர்லினிலிருந்து கிளம்பி, கிழக்கு பெர்லினுக்கு அடியில் புகுந்து, மறுபடி மேற்கில் வெளிவரும் பாதை அது. 1961-இல் இரண்டுக்கும் நடுவே பெர்லின் சுவர் எழும்பியபின், கிழக்கில் இருந்த ரோசன்தாலர் பிளாட்ஸ் போன்ற நிலையங்களில் ரயில் நிற்காது. மங்கிய வெளிச்சத்தில் காவலர்கள் நிற்க, மெதுவாகக் கடந்துபோகும். பேய் நிலையங்கள் என்பார்கள். 1989 நவம்பர் 9-இல் சுவர் திறந்து இரண்டே நாளில் யானோவிட்ஸ்புருக்க நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். இன்று அங்கே ஜனங்கள் சாதாரணமாக ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

எஸ்-பான் என்கிற புறநகர் ரயில் பாதையில் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்துக்குள்ளேயே இதைப் பற்றிய கண்காட்சி இருக்கிறது, கட்டணம் இல்லை. சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.