முகமது அலியா, சுகர் ரே ராபின்சனா?

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா முதல் பேரன் வரை எல்லோருக்கும் குத்துச்சண்டை என்றால் முகமது அலிதான். சென்ற இதழில் தாங்கள் பழைய அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனை அவருக்கு மேலே வைத்து ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எந்த அடிப்படையில் அப்படிச் சொன்னீர்கள்?
— ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: உங்கள் குடும்பத்தாருக்கு அலியிடம் உள்ள அன்பு எனக்கும் உண்டு. 1980-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் ஆடினார் என்பதை எண்ணினால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது. 1964-இல் சன்னி லிஸ்டனையும், 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனையும் வென்றவர் அவர். அந்த இரண்டு முறையும் அவர் வெல்வார் என்று நம்பியவர்கள் மிகச் சிலரே. வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்ததால் பட்டத்தைப் பறிகொடுத்து, 25 வயது முதல் 28 வயது வரையிலான பொன்னான காலத்தை இழந்த பிறகும் அவர் மீண்டும் உலகச் சாம்பியனானார். மிக அதிக எடையுள்ளவர்கள் மோதும் ஹெவிவெயிட் பிரிவில் அவரே முதல்வர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அலியின் பெருமையில் பாதி, குத்துச்சண்டை மேடைக்கு வெளியே அவர் எடுத்த நிலைப்பாட்டினால் வந்தது. அந்தப் பாதியை அப்படியே வணங்கி ஒதுக்கிவைத்துவிட்டுக் மேடையில் காட்டிய கைத்திறனை மட்டும் எடைபோட்டால் கணக்கு மாறுகிறது. அலி கைகளைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, வரும் குத்துக்குத் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தப்பிப்பவர். எதிராளியின் உடம்பில் அவர் குத்தியது மிகக் குறைவு. இவை இரண்டையும் எந்தப் பயிற்சியாளரும் மாணவனுக்குக் கற்றுத்தர மாட்டார். அவருடைய அபாரமான கால்வேகம் அந்தக் குறைகளை மறைத்தது. வேகம் குறைந்த காலத்தில், 1973-இல் கென் நார்ட்டன் அவருடைய தாடையை உடைத்தார்.

ராபின்சனிடம் அப்படி மறைக்க வேண்டிய குறை எதுவும் இல்லை. இடக்கை ஜாப் (நேராக நீட்டிக் குத்தும் விரைவான குத்து), இரு கையாலும் ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து), உடம்புக்கும் தலைக்கும் மாறிமாறித் தொடுக்கும் தொடர்குத்து, பின்வாங்கிக்கொண்டே எதிராளியை வீழ்த்தும் வலிமை, அடிபட்ட பின்னும் கலங்காத தாடை ஆகிய அனைத்தும் ஒரே உடம்பில் கூடியிருந்தன. வெவ்வேறு எடைப்பிரிவு வீரர்களை எடை வேறுபாட்டை நீக்கிவிட்டு ஒப்பிடும் 'பவுண்டுக்குப் பவுண்டு' என்ற வழக்கு பரவியதே இவர் பெயரோடு சேர்ந்துதான்.

1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் அவர் தோற்றார். அது அவருடைய முதல் தோல்வி. லமோட்டா அவரைவிட 15 பவுண்டுக்கும் மேல் எடை கூடியவர். மூன்றே வாரத்தில் அதே நகரில் அதே மனிதரை எதிர்கொண்டு ராபின்சன் வென்றார். அதற்குப் பின் 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்ப்பினிடம் தோற்கும்வரை எட்டு ஆண்டுகளில் 91 போட்டிகள் அவருக்குத் தோல்வியின்றிக் கழிந்தன. எனக்கு அந்த 91-ஐவிடப் பெரிதாகத் தெரிவது அந்த மூன்று வாரம்தான். டர்ப்பினிடம் இழந்த பட்டத்தையும் அவர் இரண்டே மாதத்தில் நியூயார்க்கில் மீட்டுக்கொண்டார். அந்த மிடில்வெயிட் (நடு எடைப்பிரிவு) பட்டத்தை ஐந்து முறை வென்றார் என்றால், கையைவிட்டுப் போன பட்டத்தை நான்கு முறை மீட்டார் என்றும் அதற்குப் பொருள்.

1952-இல், தம்மைவிடக் கூடிய எடைப்பிரிவான லைட்-ஹெவிவெயிட்டின் சாம்பியன் ஜோயி மேக்சிமோடு யாங்கி ஸ்டேடியத்தில் மோதியபோது வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. நடுவரே வெப்பத்தால் தளர்ந்து இடையில் மாற்றப்பட்டார். புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சன் 14-ஆம் சுற்றுக்கு எழுந்திருக்க முடியாமல் தோற்றார். நீண்ட அவருடைய தொழில்வாழ்வில் நாக்அவுட் (போட்டியைத் தொடர முடியாமல் போவது) கணக்கில் சேர்ந்த தோல்வி அது ஒன்றுதான். அதிலும் அவரை வீழ்த்தியது எதிராளியின் கை அன்று.

அலியே ராபின்சனைத் தம் ஆதர்சமாகக் கொண்டவர். அவரைத் தமக்கு மேலாக வைத்துப் பேசியவர். தம்மைத் தாமே தலைசிறந்தவர் என்று உலகெங்கும் முழங்கிய ஒருவர் இந்த ஓர் இடத்தில் மட்டும் வழிவிட்டதை நான் மிக மதிக்கிறேன்.

கேள்வி: தோல்வியே காணாதவர் இருக்கும்போது 19 முறை தோற்றவரை எப்படி முதல்வர் என்பது? ராக்கி மார்சியானோ 49-க்கு 49, ஃப்ளாயிட் மேவெதர் 50-க்கு 50 அல்லவா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த 19-இல் 10 தோல்விகள் ராபின்சன் நாற்பது வயதைக் கடந்த பின் வந்தவை, 1965-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து. பணமுடையால் அவர் ஓய்வுபெற வேண்டிய காலத்துக்குப் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. மார்சியானோவின் உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் வென்ற முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு அப்போது வயது 37. மேவெதரின் தற்காப்பு ஒப்பற்றது. எனினும் அவர் 21 ஆண்டுகளில் 50 போட்டிகள் ஆடினார். ராபின்சன் ஏறத்தாழ 200 போட்டிகள் ஆடினார். அவர் காலத்தில் எட்டு எடைப்பிரிவுகள், பெரும்பாலும் பிரிவுக்கு ஒரே சாம்பியன். இன்று பதினேழுக்குக் குறையாத பிரிவுகளும் நான்கு பெரிய அமைப்புகளும் இருப்பதால், வலிய எதிராளியைத் தவிர்த்துவிட்டே ஒருவர் பட்டம் சூடிக்கொள்ள முடிகிறது. ஆகவே தோல்வியில்லாப் பட்டியலைப் பார்க்கும்போது, யாரோடு மோதினார் என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: ராபின்சனின் ஒரே ஒரு போட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கலாம்?
— ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: 1957 மே 1 அன்று சிக்காகோவில் ஜீன் ஃபுல்மரோடு நடந்த போட்டி. நான்கு மாதங்களுக்கு முன் ஃபுல்மர் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்திருந்தார். அதுவரை ஒருமுறையும் நாக்அவுட் ஆகாத முரட்டு வீரர் அவர். ஐந்தாம் சுற்றில் ராபின்சன் அவருடைய உடம்பில் வலக்கையால் குத்துவதைக் கவனியுங்கள். அந்தக் குத்துக்கு ஃபுல்மரின் கை சற்றே கீழிறங்கும். அடுத்த கணம் இடக்கை ஹூக் தாடையில் இறங்கும். அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு ராபின்சனின் கால்களைப் பாருங்கள்.